கூடையில் போன பாட்டரி

எங்களுக்கு ஒரு கார் இருந்தது என்று சொன்னால் கேட்பவர்கள் ஏதோ பெரிய இடம் என்று நினைத்துக்கொள்வார்கள். கார் முதலாளியுடையது. என் வீட்டுக்காரர் கொல்லிமலையில், வாழவந்தி நாட்டுப் பக்கம், அவருடைய காப்பித் தோட்டத்துக்கு மானேஜர். அப்போது மலைக்குக் கார் ஏற வழி கிடையாது. ஏறுவதும் இறங்குவதும் ஒற்றையடிப் பாதையில்தான். அதனால் நாங்கள் மேலே இருந்தோம், கார் அடிவாரத்தில் முள்ளுக்குறிச்சியில் ஓர் ஓலைக் கொட்டகைக்குள் இருந்தது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை அவர் இறங்கிப் போய் அதை ராசிபுரத்துக்கோ சேலத்துக்கோ ஓட்டிவிட்டு வருவார். யுத்த காலம், பெட்ரோல் அளந்துதான் கொடுத்தார்கள். அதற்கு மேல் ஓட்ட நினைத்தாலும் முடியாது.

பாட்டரி மட்டும் எங்களோடு மேலே குடியிருந்தது. காரணம் ரேடியோ. கார் பாட்டரியில் பாடுகிற மாதிரி ஒரு ரேடியோப் பெட்டியை முதலாளி மலைக்கு அனுப்பிவைத்திருந்தார். கார் சும்மா நிற்கிற நாளில் பாட்டரி மட்டும் எதற்குச் சும்மா இருக்க வேண்டும் என்று கேட்டது என் வீட்டுக்காரரின் மூளை. காரை நிறுத்தியதும் பாட்டரியைக் கழற்றிக் கூடையில் வைத்து மலைக்கு ஏற்றுவார். மறுபடி கார் எடுக்கும் நாளில் அது கூடையிலேயே இறங்கிப் போகும். ஊரில் எந்தக் காரின் பாட்டரியும் இப்படி மலை ஏறி இறங்கியிருக்காது.

அதைச் சுமந்தவர் பக்கத்து ஊர் மலைக்காரர், மிளகும் மரவள்ளியும் போட்டிருந்தவர். வாரக்கூலிக்குத் தோட்ட வேலைக்கும் வருவார். நாங்கள் அவரைக் கூடைக்காரர் என்றுதான் சொல்லுவோம். கூடையில் வைக்கோல் பரப்பி, பாட்டரியை நிமிர்த்தி வைத்து, தலையில் சும்மாடு கட்டித் தூக்கினால் வழியில் யாரோடும் பேசமாட்டார். மேலே வந்து இறக்கியதும் என் வீட்டுக்காரர் பாட்டரியின் மூன்று மூடிகளையும் திருகி, உள்ளே எட்டிப் பார்ப்பார்.

"பாத்தியா புள்ள, ஒரு சொட்டு சிந்தல. நடைன்னா இதுதான் நடை!"

பெண்டாட்டியின் சமையலை அவர் இப்படிப் பாராட்டி நான் கேட்டதில்லை.

இந்தப் பாட்டரிக்கு ஒரு வருஷமாகவே உடம்பு சரியில்லை. கச்சேரியில் பாடகர் மேல் ஸ்தாயிக்குப் போகிற நேரம் பார்த்துக் குரல் தேய்ந்து, கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் ஆகிவிடும். கீழே காரில் மாட்டினால் ஹாரன் இருமும். ஸ்டார்ட்டரை அமுக்கினால் இரண்டு முறை முனகிவிட்டு அடங்கிவிடும், பிறகு முன்னால் போய் ஹேண்டிலைப் போட்டுச் சுற்ற வேண்டும். பாட்டரியின் முனைகளில் வெள்ளையாகப் பூத்துக்கொண்டே இருந்தது. அவர் அதை வெந்நீர் ஊற்றிக் கழுவி, விளக்கெண்ணெய் தடவி, பச்சைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டார். ராசிபுரத்தில் சார்ஜ் போடுகிறவன் ஒவ்வொரு முறையும் "வயசாயிடுச்சுங்க" என்பான். அதோடு அவன் வேலை முடிந்தது.

எனக்கு அப்போது வயிற்றில் ஆறு மாதம். சேலத்து லேடி டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, குழந்தை குறுக்கே கிடக்கிறது, மலையில் பிரசவம் வைத்துக்கொள்ளக் கூடாது, ஒன்பது பிறந்ததும் இங்கே வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். மலைப் பெண்கள் களை எடுத்துவிட்டு வந்து பிள்ளை பெற்றுக்கொள்வதைப் பார்த்தவள்தான் நான். ஆனாலும் டாக்டர் சொன்ன அன்றிலிருந்து நான் நாளை எண்ண ஆரம்பித்துவிட்டேன். நான் பிழைப்பேனா, பிள்ளை பிழைக்குமா என்பதெல்லாம் அந்தக் கார் கிளம்புமா என்பதில் வந்து நின்றுவிட்டதாக எனக்குத் தோன்றியது. அன்று முதல் வீட்டில் நித்தம் சண்டை.

"ஏனுங்க, அது செத்துப்போச்சுங்க. புதுசு வாங்குங்க."

"நேத்து முக்கால் மணி நேரம் பாடுச்சே, நீயுந்தான் கேட்ட."

"எனக்கு வலி வந்தா முக்கால் மணி நேரம் பாட்டா கேக்கப் போறேன்? பழசாப் போச்சு, இனித் தாங்காது. தூக்கிக் கெடாசிட்டு வேற பாருங்க."

"யுத்த காலத்துல பாட்டரி என்ன கடையில தொங்குதா? இன்னும் ஒரு மழைக்காலம் தாங்கும் புள்ள."

எத்தனை மழைக்காலத்தை அவர் இப்படி வைத்துக்கொண்டிருந்தாரோ தெரியாது. ஒருநாள் நான் சமைக்க மறுத்துவிட்டேன். இரண்டு வேளை மரவள்ளிக்கிழங்கைச் சுட்டுத் தின்றுவிட்டு, மூன்றாம் வேளை முதலாளிக்குக் கடிதம் எழுதினார். ஒன்பதாம் மாதம் பிறப்பதற்கு இருபது நாள் இருக்கும்போது புதுப் பாட்டரி முள்ளுக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தது.

அதைக் காரில் மாட்டிவிட்டு வர வேண்டியதுதானே? இல்லை. ரேடியோவில் வைத்துப் பார்த்தால்தான் அதன் சக்தி தெரியும் என்று அதையும் கூடையில் ஏற்றி, புதுசு என்பதால் கூடையை விட்டுப் பிரியாமல் கூடவே நடந்து வந்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் அன்று மாலை கச்சேரி மங்களம் வரைக்கும் கணீரென்று கேட்டது. நானும் கடைசி வரை உட்கார்ந்து கேட்டேன், பொய் சொல்லக் கூடாது.

ஏற்பாடு இப்படி: அவர் முதல் நாளே கீழே இறங்கி, சேர்த்து வைத்த பெட்ரோலை ஊற்றிக் காரைத் தயாராக வைத்திருப்பார். மறுநாள் காலையில் நான் டோலியில் இறங்குவேன். மூங்கிலில் நாற்காலியைக் கட்டி நான்கு பேர் தோளில் தூக்குவார்கள். நான் தனியாக இருக்கும் ராத்திரிக்கு ரேடியோ துணை என்று பாட்டரியை என்னோடு விட்டுப் போவார், காலையில் அது கூடைக்காரரின் தலையில் கூடவே வரும். எல்லாம் சரி. ஆனால் வலியும் அன்றைக்கே வந்துவிடும் என்று யாரும் நினைக்கவில்லை. விடிந்து டோலியில் ஏறும்போதே இடுப்பில் சுருக்கென்றது. டோலிக்காரர்களிடம் சொன்னேன். "பயப்படாதீங்க சாமி, பூவாட்டம் எறக்கிருவோம்" என்று நடையைக் கூட்டினார்கள்.

பாதி இறக்கத்தில் ஒரு ஊற்று இருக்கிறது. கூடைக்காரர் எங்களுக்கு முன்னால் போய் அங்கே கூடையை இறக்கியிருந்தார். டோலி வளைவில் திரும்பியதும் நான் பார்த்தேன். அவர் பாட்டரியின் மூடிகளைத் திருகி எடுத்து வரிசையாகப் பாறை மேல் வைத்துவிட்டு, அதைப் பக்குவமாகச் சாய்த்து உள்ளே இருந்ததைப் புதரில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஐயோ! என்ன பண்றீங்க!" என்று கத்தினேன். டோலிக்காரர்கள் வலியென்று நினைத்து ஓட்டமெடுக்கப் பார்த்தார்கள்.

அவர் நிதானமாகத் திரும்பினார். "தண்ணிய எறக்கறனுங்க அம்மிணி. இதுக்கு மேல எறக்கம் பொல்லாதுங்க. கீழ ஓடையில புடிச்சு ரொப்பிக்கலாமுங்க."

"தண்ணியா?"

"தண்ணிதானுங்க. அய்யாவே சொல்லுவாரு, தண்ணி கொறையக் கூடாதுன்னு. கொறைய விட்டதே இல்லீங்க. ஏறும்போது இந்த ஊத்துல புடிச்சு ரொப்பிருவேன், எறங்குனா ஓடையில. கை கொஞ்சம் அரிக்குமுங்க, கழுவுனா விட்டுரும். துண்டுதான் பூச்சி அரிச்சாப்புல ஆயிருது."

எவ்வளவு காலமாக என்று கேட்டேன். ஒரு வருஷமாகத்தான் என்றார்.

ஊற்றுக்கு ஊற்று தண்ணீர் ஓடுகிற மலையில் தண்ணீரைத் தலையில் சுமந்து போவதைப் போல முட்டாள்தனம் உண்டா? அவர் இடத்தில் நானாக இருந்தாலும் ஊற்றியிருப்பேன். அதற்குள் திராவகம் இருக்கிறது, அதுதான் பாட்டரியின் உயிர் என்று எங்களில் ஒருவரும் அவருக்குச் சொன்னதில்லை. ஒரு சொட்டு சிந்தவில்லை என்று அவர் நடையைப் புகழ்ந்ததோடு சரி. இப்போது புதுப் பாட்டரியில் பாதி புதருக்குள் போயிருந்தது. அந்தப் புதரைப் பார்த்தபடியே எனக்கு அடுத்த வலி வந்தது. அழுதேன். மிச்சம் இருப்பதைத் தொட வேண்டாம், தண்ணீரும் ஊற்ற வேண்டாம், அப்படியே கொண்டுவாருங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

கீழே விஷயத்தைச் சொன்னதும் என் வீட்டுக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாட்டரியை மாட்டினார். ஸ்டார்ட்டர் ஒருமுறை முனகியது, அவ்வளவுதான். ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார், சட்டை நனைந்தது, கார் அசையவில்லை. என்னைப் பின்சீட்டில் படுக்கவைத்துவிட்டு, டோலி தூக்கிய நான்கு பேரும் கூடைக்காரரும் பின்னால் கைவைத்துத் தள்ளினார்கள். கொட்டகையிலிருந்து ரோடு வரை தள்ளி, ரோட்டில் இன்னும் கொஞ்சம் தள்ளிய பிறகு, ஒரு குலுக்கலோடு என்ஜின் பிடித்துக்கொண்டது. வழியில் நின்றால் மறுபடி தள்ள ஆள் வேண்டுமே? "எல்லாரும் ஏறுங்க!" என்று கத்தினார் அவர்.

அந்த ஐந்து பேரும் அதற்கு முன் காரில் ஏறியதே இல்லை. இரண்டு பேர் இந்தப் பக்கம், மூன்று பேர் அந்தப் பக்கம், கதவுக்குக் கீழே இருந்த நீளப் படியில் நின்றுகொண்டு ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்கள். ராசிபுரத்துக்கு முன்னால் ஓர் ஆட்டு மந்தை குறுக்கே வந்து என்ஜின் அணைந்தது. ஐவரும் குதித்து, ஆட்டை விரட்டிக்கொண்டே தள்ளிக் கிளப்பி, ஓடுகிற காரில் தொற்றிக்கொண்டார்கள். ராசிபுரம் கடைத்தெருவில் ஜனங்கள் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள், யாரோ பெரிய மனிதர் போகிறார் என்று ஒருத்தர் கும்பிடவும் செய்தார். வலிக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சேலத்தில் ஆஸ்பத்திரி வாசலில் கூட அவர் என்ஜினை அணைக்கவில்லை. ஒரு நர்ஸ் வந்து திட்டிய பிறகுதான் அணைத்தார்.

அன்று மாலை பெண் பிறந்தாள். குழந்தையைத் திருப்பி எடுக்க டாக்டர் பட்ட பாட்டைச் சொல்லப் போவதில்லை. இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் இரண்டு பேரில் ஒருவர்தான் என்று பிறகு சொன்னார்.

டோலிக்காரர்கள் மறுநாள் ஊருக்குத் திரும்பினார்கள். கூடைக்காரர் போகவில்லை. ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியிலேயே இருந்தார், கொடுத்த சாப்பாட்டையும் சரியாகத் தொடவில்லை என்று என் வீட்டுக்காரர் சொன்னார். மூன்றாம் நாள் அவரை உள்ளே கூட்டிக்கொண்டு வந்தார்.

"தப்புப் பண்ணிப்புட்டனுங்க அம்மிணி" என்றார். வெயிலில் நிற்பவரைப் போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

"கனமா இருந்துச்சுன்னா எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க? எதுக்கு மறைச்சீங்க?" என்றேன். கோபமாகத்தான் கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்தார். "போன வருசத்துலருந்து கழுத்து தாங்கறதில்லீங்க. துளி எறக்குனாலும் கழுத்துக்குத் தெரியுது. சொன்னா வேற ஆளப் போட்டுருவீங்கன்னு பயமுங்க. அதுக்கப்புறம் நீங்க ரெண்டு பேரும் பேசறதக் கேட்டுக்கிட்டுத்தானுங்களே இருந்தேன். பழசாப் போச்சு, இனித் தாங்காது, தூக்கிக் கெடாசிட்டு வேற பாருங்கன்னு நீங்க நித்தம் சத்தம் போடுவீங்க. பொட்டிக்கே அப்படின்னா, நான் என்னன்னுங்க சொல்றது?"

என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வீட்டில் ஒரு பெட்டி எத்தனை நாள் தாங்கும் என்று மாதக்கணக்கில் கணக்குப் பார்த்தவள் நான். அதைத் தூக்கி வந்தவருக்கு வயது என்ன என்று ஒருநாள் கேட்டதில்லை.

பக்கத்தில் கிடந்த குழந்தையை எடுத்து அவரிடம் நீட்டினேன். "வாங்கிக்குங்க" என்றேன். அவர் தயங்கினார். பிறகு சுமை வாங்குகிறவரைப் போலக் காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டினார். நான் கொடுத்தேன். அவர் அதே நிலையில், இன்னும் ஏதோ வரப் போகிறது என்பதுபோலக் கொஞ்ச நேரம் நின்றார்.

"கனமே இல்லீங்களே, சாமி" என்றார்.