பஸ்மினாவின் வீட்டைப் பார்க்க வந்தவர்கள்

பஸ்மினா மருதமுனையில் என் அடுத்த வீட்டுக்காரி. என்னை அக்கா முறையில் ராத்தா என்றுதான் கூப்பிடுவாள். சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள். யாருக்கும் பயப்படமாட்டாள், சிரிக்கத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாது. தன்னோடு படித்த றமீஸைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் நேராகவே சொன்னவள்.

ஒரு நாள் போனில் ஒரு பகிடிப் படம் பார்த்துவிட்டு வந்து எனக்கு நடித்தே காட்டினாள். காதலியின் தகப்பனைச் சந்திக்கப் போகிறான் ஒரு பொடியன். தகப்பன் முழிக்கிற முழியில் தேத்தண்ணியைத் தன் மடியிலேயே கொட்டிக்கொள்கிறான்.

"றமீஸும் இதப் பாத்துட்டு, ஒங்கட வாப்பாக்கு முன்னால நானும் இப்பிடித்தான் நடுங்குவன் எண்டான், ராத்தா" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்தப் படத்தை எடுத்தவன் எங்கள் ஊர்ப்பக்கம் வந்ததில்லை. இங்கே மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டில் வந்து குடியிருப்பான். அந்த வீட்டைக் கொடுப்பது பெண்ணைப் பெற்றவர்கள். ஆகவே நடுங்குவதும் அவர்கள்தான்.

றமீஸின் வாப்பாவும் உம்மா நஸீறாவும் வீடு பார்க்க வந்த அன்று நான் குசினியில் உதவிக்கு நின்றேன். றமீஸும் கூட வந்திருந்தான். பஸ்மினாவின் வாப்பா அச்சிமுகம்மது நாவிதன்வெளியில் வயல் செய்கிறவர். வெள்ளாமைக்குள் யானை இறங்கியபோது வெடியோடு தனியே எதிரில் நின்ற மனிதர். அன்று இஸ்திரி போட்ட சட்டையோடு தன் வீட்டு வாசலிலேயே கைகட்டி நின்றார். பார்க்கச் சகிக்கவில்லை.

நஸீறா உட்கார்ந்தால்தானே! இனிப்புக்குக் கொடுத்த வட்டிலப்பக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் நடந்தார். குழாயைத் திறந்து பார்த்தார். செருப்புக் காலால் மாபிள் தரையைத் தட்டிப் பார்த்தார். அலுமாரியைத் திறந்து, உள்ளே கிடந்த உடுப்பையும் விலக்கிப் பார்த்தார். மாடு வாங்க வந்தவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல் இருந்தது. அவருடைய கணவர் பின்னாலேயே போய் ஒவ்வொரு அறைக்கும் தலையாட்டினார்.

கடைசியில் பெற்றோரின் அறைக்கு வந்தார்கள். நஸீறா கட்டிலைக் காட்டி, "இதுல ஆரு படுக்கிற?" என்றார்.

"நாங்கதான்" என்றார் அச்சிமுகம்மது.

"காத்து வாற அறை இதொண்டுதான் இரிக்கி. மகனுக்கு இது வேணும். நீங்க மறுகா எங்க இரிப்பீங்க?"

"பின்னால நெல்லு மூட்ட வைக்கிற அறை இரிக்கி. எங்க ரெண்டு பேருக்கும் அது காணும்."

இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிறவர்களிடம் இப்படியா சொல்வது? "அப்ப இந்தப் பழைய கட்டிலையும் கலியாணத்துக்கு முந்தியே எடுத்துருங்க" என்றார் நஸீறா, குப்பையைச் சொல்வதுபோல.

பஸ்மினா றமீஸைப் பார்த்தாள். அவன் தன் உம்மாவைப் பார்த்தான்.

"றமீஸ், நீங்க என்ன செல்றீங்க?"

"உம்மா நம்மட நன்மைக்குத்தானே செல்றா" என்றான். த்தூ! இவனெல்லாம் ஒரு மாப்பிள்ளை.

பஸ்மினா நஸீறாவின் கையிலிருந்த கோப்பையை மெதுவாக வாங்கினாள். "மாமி, எங்கட வாப்பாவும் உம்மாவும் இந்த அறையிலதான் படுப்பாங்க. எனக்கு இந்தக் கலியாணம் வேணாம். போயிட்டு வாங்க" என்றாள்.

முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். நான் பஸ்மினாவை அப்படியே கட்டிக்கொண்டேன். றமீஸோடு எத்தனை வருஷத்து நேசம்!

மறுநாள் காலையில் பஸ்மினா வீட்டு வளவில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அச்சிமுகம்மது பின்னறையிலிருந்து நெல் மூட்டையை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி உள்ளே கூட்டிக்கொண்டிருந்தார். பஸ்மினா மூட்டையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு, "வேணாம் வாப்பா, வேணாம்" என்று அழுதாள்.

"இவன் இல்லாட்டி இன்னொருத்தன் வருவான், மகள்" என்றார் அவர். "அவன்ட உம்மா வந்து கேக்கிறதுக்கு முந்தி நாங்களே மாறிருவம்."