ஓரத்தை எடுக்காத கேமரா

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஓர் ஆவணி மாதம், திருச்சானூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. நகரியில் நானும் என் கணவரும் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறோம். கல்யாணங்களுக்கு அவர் போவார். கடையில் பாஸ்போர்ட் போட்டோ எடுப்பது, ஆல்பம் செய்வது என் வேலை. அந்த வாரம் பார்த்து அவருக்கு காய்ச்சல் வந்து, மூட்டு மூட்டாக வீங்கிப்போனது. கேமராவை விடுங்கள், டம்ளரைக்கூடத் தூக்க முடியவில்லை. அதனால் நான் கிளம்ப வேண்டியதாயிற்று.

பெண் வீட்டார் எங்கள் ஊர்க்காரர்கள், விசைத்தறி ஓட்டுகிறவர்கள். படங்களைப் பெரிதாகப் போட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். எங்களுடையது கிராப் சென்சார் கேமரா, அதாவது உள்ளே படம் விழுகிற இடம் சின்னது. அது பெரிதாக இருக்கிற ஃபுல் ஃப்ரேம் கேமராவைத் திருப்பதியில் வாடகைக்கு எடுத்தோம். அதற்குரிய லென்ஸுக்குத் தனி வாடகை கேட்டார்கள். எங்கள் லென்ஸே இதற்குப் பொருந்துமா என்றேன். "பட்டேஸ்துந்தி அக்கா, மவுண்ட் ஒகடே", பொருந்திவிடும், மாட்டுகிற வாய் இரண்டுக்கும் ஒன்றுதான் என்று கடைக்காரர் தெலுங்கில் சொல்லி, அங்கேயே மாட்டியும் காட்டினார். டக்கென்று உட்கார்ந்துகொண்டது. பொருந்திவிட்டதே, இதற்கு மேல் என்ன கேட்பது என்று வந்துவிட்டேன்.

கல்யாணத்தன்று காலையில், அலங்காரம் நடக்கும்போதே மணப்பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கம்மா எல்லா போட்டோலயும் ஓரமாத்தான்க்கா நிப்பாங்க. கூப்டாலும் வரமாட்டாங்க. நீ எப்டியாவது அவங்கள புடிச்சிடுக்கா" என்றாள். அவளுடைய அப்பா இறந்து பல வருடங்களாகிவிட்டன. தறியில் நின்று அவளை ஆளாக்கியது அந்த அம்மாதான். ஆனால் மணையில் உட்கார்ந்து பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்தது சித்தப்பாவும் சித்தியும். அம்மா மேடையின் இடது கோடியில், தூணை ஒட்டி நின்றார். தள்ளி நில் என்று யாரும் சொல்லவில்லை. அவராகவேதான் நின்றார்.

இதைவிட எனக்கு வேறென்ன வேலை? ஒவ்வொரு படத்துக்கும் வியூஃபைண்டரில் இடது ஓரத்தைப் பார்த்து, அவர் முகம் உள்ளே இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டுதான் அழுத்தினேன். தாலி கட்டும்போது அவர் இரண்டு கைகளையும் கூப்பினார், கண்ணில் தண்ணீர் ஓடியது. அதையும் பிடித்தேன். எனக்கே என்மேல் கொஞ்சம் கர்வம் வந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

கூட்டம் பந்திக்கு நகர்ந்ததும் எடுத்ததையெல்லாம் திரையில் ஓட்டிப் பார்த்தேன். அம்மா இல்லை. அடுத்த படம், இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. தூண்கூட இல்லை! மணமக்கள் இருக்கிறார்கள், ஐயர் இருக்கிறார், சித்தியின் பாதித் தோள் இருக்கிறது, அத்தோடு படம் முடிந்துவிடுகிறது. என் கண்ணால் பார்த்து எடுத்த ஆள் எங்கே போனார்? ஒரு நிமிடம் எனக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்றே பயந்தேன். மறுபடி கேமராவைக் கண்ணில் வைத்தேன். தூண் தெரிந்தது. அழுத்தினேன். படத்தில் தூண் இல்லை. கணவருக்கு போன் செய்தால், "நீதான் கைய ஆட்டிகினு இருப்ப" என்றார். காய்ச்சல்காரரிடம் சண்டை போட முடியுமா? வைத்துவிட்டேன்.

வாடகைக் கடைக்காரருக்குப் போட்டேன். அவர் பதறவே இல்லை. என் லென்ஸ் சின்ன கேமராவுக்கென்று செய்தது, அதைக் கண்டுபிடித்துக்கொண்டு இந்தப் பெரிய கேமரா தானாகவே நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும் என்றார். கண் வைத்துப் பார்க்கிற இடத்தில் முழுசும் தெரியும், ஆனால் உள்ளே மெல்லிய கோட்டில் ஒரு கட்டம் இருக்கும், அதற்குள் இருப்பதுதான் விழும். பார்த்தேன், இருந்தது. காலையிலிருந்து இருந்திருக்கிறது. ஏதோ புது கேமராவின் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். அந்த வசதியை மெனுவில் அணைத்துவிடலாம், ஓரமும் விழும், மூலைகள்தான் கொஞ்சம் கறுக்கும் என்றும் சொன்னார்.

வீடியோவிலாவது அம்மா இருப்பாரா என்று போய்க் கேட்டேன், வீடியோக்காரரோ தாலி முடிச்சை மட்டும் நெருக்கி எடுத்திருந்தார். நடந்ததை மணப்பெண்ணிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அடுத்து குரூப் போட்டோ. அம்மா அதே தூணோரம் போய் நின்றுகொண்டார். "நான் இங்கியே நின்னுக்கிறேன்மா, நீ எடு" என்றார். மெனுவில் அணைத்திருக்கலாம். என் விரல் பொத்தான்மேல்தான் இருந்தது. ஏன் என்று தெரியவில்லை, அதை விட்டுவிட்டு மேடையேறிப் போய் அவரிடம் தாலி கட்டும் படத்தைக் காட்டினேன்.

"நான் இங்கதான நின்னுகினு இருந்தேன்?" என்று குழப்பமாகக் கேட்டார்.

"இந்த கேமரா ஓரத்துல எடுக்காதும்மா. நடுவுல நின்னாத்தான் விழுவீங்க" என்றேன். பாதி உண்மை, பாதி பொய்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெண் கூப்பிட்டும் வராதவர், கேமராவுக்காக வந்தார். மணமக்களுக்கு நடுவில், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். மாப்பிள்ளைதான் ஒரு கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டான். அதற்கப்புறம் எடுத்த எல்லாப் படத்திலும் அவர் நடுவில்தான்.

ஆல்பம் வாங்க வந்த அன்று அந்தப் பெண் தாலி கட்டும் படத்தில் விரலை வைத்து, "இதுல அம்மா இல்லாதது மட்டும் என்னால மறக்கவே முடியாதுக்கா" என்றாள். குரூப் படத்தைப் பெரிதாகப் போட்டுத் தரச் சொன்னதும் அவள்தான். அந்தப் பிழைக்கு வெட்கப்படுவதா, சந்தோஷப்படுவதா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது: அந்த அம்மாவை ஓரத்தோடு சேர்த்து எப்படி எடுப்பது என்றுதான் காலை முழுதும் யோசித்தேன், பக்கத்தில் போய் நடுவுக்கு வாங்கம்மா என்று கையைப் பிடித்து அழைக்க, கேமரா கைவிடும்வரை எனக்குத் தோன்றவே இல்லை.