படித்துறையில் எடுத்த படம்

தெய்வநாயகி, ஜேடர்பாளையம் தடுப்பணைக்குப் பக்கத்தில் பதினெட்டு வருடமாக மீன் வறுத்து விற்கிறவள். போர்வெல் வண்டி வேலைக்கு வடக்கே போன புருஷன் அங்கேயே செத்துப்போனான். மகளைக் கட்டிக்கொடுத்தது எண்ணெய்ச் சட்டிதான்.

போன தை மாதம் சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து கோகுல்ராஜ் வந்தான். ஆற்றோரப் பழைய ஊர்களில் ஆட்களை நாலைந்து நாள் நிதானமாகத் தங்கவைத்து, கோயில், மண்டபம், படித்துறை என்று நடத்திக் காட்டுவது அவன் தொழில். சாப்பாடு தெய்வநாயகி வீட்டில் என்று பேச்சு. அவசரமில்லாமல் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களை அவளுக்கும் பிடித்திருந்தது.

பிறகுதான் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தான்.

“கேஸ் அடுப்பை உள்ள வெச்சுருங்கக்கா. வெறகுல ஆக்குங்க. நைட்டி வேண்டாம், பழைய நூல்சேலை கட்டுங்க.”

கட்டினாள். புகையில் கண் எரிய உட்கார்ந்திருந்தவளை, அவன் கூட்டி வந்தவர்கள் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். “எவ்வளவு எளிமையான வாழ்க்கை!” என்றாள் ஒருத்தி. தெய்வநாயகிக்கு வாய் கசந்தது. குழம்பு ஊற்றினாள்.

மூன்றாவது கூட்டத்தில் பெரிய காமிராவோடு ஒருவர் வந்தார். மத்தியானம் இலையில் உட்கார்ந்தபடியே, காலையில் எடுத்த படங்களை எல்லோருக்கும் காட்டினார். பரிமாறக் குனிந்தவள் கண்ணிலும் பட்டது. பக்கத்து வீட்டுப் பூவாத்தாள், பாவாடையை மார்போடு ஏற்றிக் கட்டி, சொட்டச் சொட்டப் படியேறிக்கொண்டிருந்தாள்.

“விளம்பரத்துல போட்டா கூட்டம் அள்ளும்,” என்றான் கோகுல்ராஜ்.

“அவகிட்டக் கேட்டீங்களா?”

“கேட்டா இயல்பா வராதுங்கக்கா.”

 தெய்வநாயகி குழம்புச் சட்டியைத் தரையில் வைத்தாள்.

“உங்க ஊட்டுப் பொம்பளைங்க குளிக்கறதயும் இப்படித்தான் சோத்துக்கு முன்னால காட்டுவீங்களா? அழிங்க. என் கண்ணு முன்னால அழிங்க.”

காமிராக்காரர் முகத்தைத் தூக்கிக்கொண்டு அழித்தார். அவள் திரையைப் பார்த்தாள். பிறகு, பாதி சாப்பிட்ட இலைகளை மீனோடு சுருட்டி எடுத்துக்கொண்டு போய் நாய்க்குக் கொட்டினாள்.

“எந்திரிச்சுப் போங்க.”

கோகுல்ராஜ் அதற்கப்புறம் இந்தப் பக்கம் வரவில்லை. வேறொரு ஆற்றங்கரையில் இன்னொருத்தியை அடுப்பு ஊதவைத்திருக்கிறான் என்று கேள்வி. அவனை நினைத்தால் காறித் துப்பத் தோன்றுகிறது அவளுக்கு. அவன் சொன்ன சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த தன்னை நினைத்தாலும்தான்.

நடந்ததை அவளே பூவாத்தாளிடம் சொன்னாள். பூவாத்தாள் இடுப்பிலிருந்த குடத்தை இறக்கி வைத்தாள்.

“இதுக்கு முன்னால வந்தவங்க எத்தன பேரு எடுத்தாங்களோக்கா?”

பூவாத்தாள் இப்போது ஆற்றுக்கு வருவதில்லை. வீட்டுக்குப் பின்னால் தகரம் அடைத்து, போர்வெல் உப்புத்தண்ணீரில் குளிக்கிறாள்.