எடை பார்த்து வாங்கிய பேட்டரி

பீப்... பீப்... பீப்...

பக்கத்து அறையிலிருந்து அந்தச் சத்தம் வந்ததும் சுருளிவேலின் கையிலிருந்த கரண்டி கஞ்சிப் பானைக்குள்ளேயே விழுந்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினார். சுவரில் மாட்டியிருந்த இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே, இன்று மத்தியானம்தான் மாலை போடாத குறையாகக் கொண்டுவந்து இறக்கிய புதிய லித்தியம் பேட்டரி, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பது போல உட்கார்ந்திருந்தது.

மணி நாலேகால். மலைப்பக்கமிருந்து கிளம்பிய மேகம் சித்தையன்கோட்டை வயல்களைத் தாண்டித் தோட்டத்தின் மேல் கவிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ராத்திரி முழுக்கத் தாங்கும் என்று சத்தியம் செய்து விற்ற பேட்டரி, அரை மணி நேரத்தில் உயிர் போகிறதென்று கூப்பாடு போட்டது.

ஆனால் போகவிருந்த உயிர் பேட்டரியுடையது அல்ல. அது நடு அறைக் கட்டிலில், மூக்கில் செருகிய குழாயோடு, சுருளிவேலையே பார்த்துக்கொண்டிருந்தது.

சண்முகவள்ளி இருபத்தோரு வருடம் நூற்பாலையில் வேலை பார்த்தவள். அந்தப் பஞ்சுத் தூசியெல்லாம் இப்போது அவள் நுரையீரலுக்குள் கல்லாகக் கெட்டித்துவிட்டதென்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். இனி மருந்து இல்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மிஷின் மட்டும் ராப்பகலாக ஓட வேண்டும். நிற்கக் கூடாது. பத்து நாளைக்கு முன் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து அவளைத் திரும்பக் கொண்டுவந்தபோது, ஆட்டோவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னது ஒன்றுதான்: "எது நடந்தாலும் நம்ம வீட்ல நடக்கட்டும். மறுபடி அங்க கொண்டு போயிராதீங்க."

அவரும் தலையாட்டிவிட்டார். ஆனால் அந்த வீட்டுக்குக் கரண்ட் இல்லையே! கம்பம் நட வேண்டிய நிலம் பங்காளியுடையது. அவன் மறித்து, வழக்கு கோர்ட்டுக்குப் போய் ஆறு வருடம். வழக்கு முடியும்வரைக்கும் கூரை மேலிருக்கும் சோலார் தகடுகள்தான் கதி. பகலெல்லாம் வெயில் ஓட்டும். பொழுது சாய்ந்தால் பேட்டரி ஓட்ட வேண்டும். பழைய ஆசிட் பேட்டரிகள் மூன்று நாளைக்கு முன் மொத்தமாகப் படுத்துவிட்டன.

"என்னங்க... சத்தம்?" சண்முகவள்ளி மூச்சுக்கு மூச்சு ஒரு வார்த்தையாகக் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல வள்ளி. புதுசுல்ல, அப்பிடித்தான் கத்தும்."

வாழ்க்கையில் அவளிடம் அவர் பொய் சொன்னதே இல்லை என்று எழுத முடியாது. ஆனால் இவ்வளவு பெரிய பொய் சொன்னதில்லை.

அவசரத்துக்கென்று மூலையில் வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக் கட்டிலருகே கொண்டுவந்தார். பேட்டரி இல்லாத ராத்திரிகளில் ஓட்டியதில் அதன் முள் சிவப்புக் கோட்டுக்கு அரை விரல் மேலே நின்றது. நிரப்பக் கொடுத்த இன்னொரு சிலிண்டர் நாளைக் காலைதான் வரும். குழாயை மாற்றிச் சொருகினார். முதல் தடவை கை தவறி, இரண்டாம் தடவைதான் ஏறியது.

கண்ணை மூடிக்கொண்டு காய் பொறுக்கும் கை அது! முப்பது வருடமாகத் தேங்காய் தரம் பிரிக்கிறவர் சுருளிவேல். ஒட்டன்சத்திரம் வரைக்கும் வியாபாரிகள் அவரைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். காயைக் கையில் வாங்குவார், காதோரம் ஒரு குலுக்கல், அவ்வளவுதான். கனத்தால் நல்ல காய். லேசாக இருந்தால் சொத்தை. அந்தத் தீர்ப்பு ஒருநாளும் பொய்த்ததில்லை.

அந்தக் கைதான் அவரைக் கவிழ்த்தது.

முந்தாநாள் திண்டுக்கல் பேகம்பூரில், முகமது ரஃபீக்கின் கடைக்குப் போயிருந்தார். சோலார் வைத்துக் கொடுப்பதும், பழைய வேன்களுக்குள் கட்டில், ஃபேன், அடுப்பெல்லாம் மாட்டி வீடாக்கிக் கொடுப்பதும் அவன் தொழில். முப்பத்தைந்து வயதுக்காரன், பொறுமைசாலி. இவருடைய மிஷின் எத்தனை வாட், எத்தனை மணி நேரம் ஓட வேண்டும், இன்வெர்ட்டர் என்ன, மாற்றுக்குச் சிலிண்டர் உண்டா, வீடு எங்கே என்றெல்லாம் கேட்டுத் தாளில் கணக்குப் போட்டு ஒரு பெட்டியைக் காட்டினான். சுருளிவேல் குனிந்து அதைத் தூக்கிப் பார்த்தார். நாற்பத்தைந்து கிலோகூட வராது. ஒரு மூட்டைத் தேங்காய் அதைவிடக் கனம்.

"என்ன தம்பி, சொத்தக்காய என் தலையில கட்டப் பாக்குற?"

"பெரியவரே, இது லித்தியம். எடை கம்மியாத்தான் இருக்கும். எடையைப் பாக்காதீங்க, லோடு போட்டு எம்புட்டு நேரம் ஓடுதுன்னு பாருங்க. இன்னைக்குப் பூரா இங்கயே ஓட்டிக் காட்டறேன், கூட இருந்து பாருங்க."

"ஆமா, காத்த அடைச்சு விக்கிறவனுக்கு நான் காவல் இருக்கணுமாக்கும்!"

கடையில் நின்ற நாலு பேரும் சிரித்துவிட்டார்கள். ரஃபீக் மட்டும் சிரிக்கவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

இன்று காலை பைபாஸ் ஓரம் மினி லாரியில் வைத்து விற்றவனிடம் இருந்தது, அதே அளவுப் பெட்டி. ஆனால் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. அப்பாடா! அந்தக் கனத்தைத் தோளில் உணர்ந்த நிமிடமே சுருளிவேலின் மனசு குளிர்ந்துபோயிற்று. பழைய பேட்டரிகளையும் அந்த ஆளிடமே கழிவுக்குத் தள்ளிவிட்டு வந்தார்.

இப்போது அந்த ஆளின் செல்போன் அணைந்து கிடந்தது. சிலிண்டரின் முள் நகர்ந்துகொண்டிருந்தது. பத்து நிமிடம் யோசித்தார். இல்லை, யோசிக்கவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார். பெண்டாட்டியின் மூச்சு சிலிண்டருக்குள் குறைந்துகொண்டே வரும்போது ஒரு மனுசன் வெட்கப்பட்டு நிற்பானா? நின்றார். பிறகு ரஃபீக்குக்குப் போன் போட்டார்.

"யாரு? ஓ... தேங்காய்க்காரரா?"

"தம்பி... தப்புப் பண்ணிட்டேன் தம்பி."

"எடை நல்லா இருந்துச்சா?"

சுருளிவேல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எதிர்ப்பக்கம் அந்த அழுகையைக் கேட்டிருக்க வேண்டும். குரல் மாறியது.

"சிலிண்டர் முள்ளு எங்க நிக்கிது?"

"சிவப்புக்கிட்ட வந்துருச்சு."

"வீட்ல ஃபேன், லைட்டு எல்லாத்தையும் அமத்துங்க. வாரேன்."

அந்த முக்கால் மணி நேரத்தை எப்படிச் சொல்வது! வெளியே காற்று எழுந்து தென்னைகளை உலுக்கியது. உள்ளே சுருளிவேல் முள்ளைப் பார்ப்பதும், வண்டிப்பாதையைப் பார்ப்பதும், மனைவி முகத்தைப் பார்க்காமல் இருப்பதுமாகத் தவித்தார். முள் சிவப்பைத் தொட்டது. பிறகு சிவப்புக்குள் போயிற்று. சண்முகவள்ளியின் உதடுகள் வெளுத்து, நீலம் பாரித்தன.

"வள்ளி, ஆஸ்பத்திரிக்கே போயிருவமா?"

அவள் தலையை அசைத்தாள். மாட்டேன் என்று. அந்த நிலையிலும் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு மாட்டேன் என்றாள்.

அப்போதுதான் வண்டிப்பாதை மேட்டில் வெள்ளை வேன் ஒன்று குலுங்கிக் குலுங்கி வந்தது.

ரஃபீக் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. வேனின் பின்கதவைத் திறந்தான். உள்ளே மடக்குக் கட்டில், ஜன்னல் திரை, சின்ன அடுப்பு. யாரோ ஒரு குடும்பம் ஊர் சுற்றப் போவதற்காக ஜோடித்து வைத்த வண்டி. கட்டிலின் அடியிலிருந்து ஒரு பேட்டரியைக் கழற்றினான். அதே லேசான பெட்டி.

"கடையில இருந்தது நேத்தே வித்துப் போச்சு. இது வேன்ல உள்ளது. பிடிங்க அந்தப் பக்கம்."

பழைய வயர்களைப் பிடுங்கினான். புதியதை முறுக்கினான். பேட்டரியின் பட்டனை அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை.

நடு அறையில் சிலிண்டர் உஸ்ஸென்று ஒரு முறை இரைந்து ஓய்ந்தது.

"தம்பீ!"

"இருங்க!" ரஃபீக் பட்டனை அழுத்திப் பிடித்தான். ஒன்று... இரண்டு... மூன்று... "யா அல்லாஹ்..."

சின்னத் திரையில் பச்சை எழுத்து வந்தது. இன்வெர்ட்டர் ஒருமுறை முனகியது. அடுத்த அறையில் மிஷின் பெருமூச்சு விட்டு எழுந்தது. சுருளிவேல் விழுந்தடித்து ஓடிக் குழாயை மாற்றினார். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தவர், அவள் உதட்டில் கொஞ்சமாகச் சிவப்பு திரும்பும் வரை எழுந்திருக்கவே இல்லை.

திரும்பி வந்தபோது ரஃபீக் அந்தக் கனத்த பெட்டியின் மூடியைக் கழற்றியிருந்தான். மேலே வரிசையாகக் கொஞ்சம் பழைய செல்கள், எந்த வண்டியிலிருந்து கழித்ததோ. அவற்றுக்குக் கீழே பெட்டி நிறையச் சாம்பல் நிறத்தில் இறுகிப்போன கலவை.

"சிமென்ட்டு," என்றான் ரஃபீக். "உங்களை மாதிரி தூக்கிப் பாத்து வாங்குறவங்களுக்குன்னே ஊத்தியிருக்கான்."

சுருளிவேல் அதைத் தொட்டுப் பார்த்தார். முப்பது வருடம் பொய் சொல்லாத கை. அந்தக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மறுபடி துடைத்தார். பிறகு சட்டென்று ரஃபீக்கின் காலை நோக்கிக் குனிந்தார்.

"அய்ய, என்ன இது! எந்திரிங்க." ரஃபீக் இரண்டடி பின்னால் போனான். "நீங்க அன்னைக்குக் கடையில கேலி பண்ணுனது எனக்கு இன்னும் வலிக்குது, அதை இல்லேங்கல. அதுக்கு அந்தம்மா என்ன செய்யும்?" பேட்டரியின் திரையைக் காட்டினான். "இந்த நம்பரைப் பாத்துக்கங்க. இப்ப நூத்துக்குத் தொண்ணூத்தாறு. காலைல பதினஞ்சு, இருபதுல நிக்கும். ராத்திரிக்குத் தாங்கும், அதுக்கு நான் பொறுப்பு. நாளைக்கு வெயிலுக்கு நான் பொறுப்பில்ல."

இருவரும் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார்கள். மேகம் கலையவில்லை.

"வெள்ளிக்கிழமை காலையில வேன் கிளம்புது. அட்வான்ஸ் வாங்கிட்டேன். வியாழன் சாயங்காலம் வந்து கழட்டிருவேன். அதுக்குள்ள..."

சுருளிவேல் நடு அறைக் கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தார்; அவனும் பார்த்தான். இன்று திங்கள்.

நடு அறையிலிருந்து சண்முகவள்ளியின் குரல், இழை அறுந்தது போன்ற குரல், வந்தது. "அவுகளுக்கு... காப்பி... போட்டுக் குடுத்தீங்களா?"

"இருக்கட்டும் அத்தை, நோன்பு மாதிரி நினைச்சுக்கறேன்," என்று ரஃபீக் சத்தமாகச் சொன்னான். அவனை அறியாமலே அத்தை என்று வந்துவிட்டது.

சுருளிவேலுக்கு ஒன்றும் கொடுக்காமல் அனுப்ப மனம் வரவில்லை. வாசலில் குவித்திருந்த காய்களில் ஒன்றை எடுத்தார். காதோரம் குலுக்கினார். இன்னொன்றை எடுத்துக் கையில் நிறுத்துப் பார்த்தார்.

"எடை பாத்தா எடுக்குறீங்க மாமா?"

சுருளிவேல் அப்படியே நின்றார். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று முகத்தில் வந்து போயிற்று. "இதுக்கு மட்டுமாச்சும் இந்தக் கையை நம்பு மாப்ள," என்றார்.

ரஃபீக் இரண்டு காய்களையும் வாங்கி வேனில் வைத்தான். கிளப்பும் முன் கண்ணாடியை இறக்கி, "மறந்துறாதீங்க. பதினஞ்சுக்குக் கீழ போச்சுன்னா எந்நேரமானாலும் போன் போடுங்க," என்றான். வேனின் சிவப்பு விளக்குகள் வண்டிப்பாதையில் குலுங்கிக் கொண்டே போய், தென்னைகளுக்குப் பின்னால் மறைந்தன.

முதல் தூறல் விழுந்தது. ஈரக்காற்று உள்ளே பாய்ந்ததும் சண்முகவள்ளி இருமத் தொடங்கினாள். சுருளிவேல் பேட்டரியின் திரையை எட்டிப் பார்த்தார். தொண்ணூற்றைந்து.

"வந்துட்டேன் வள்ளி," என்று சொல்லிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார்.