காகம் இறங்காத ஹோட்டல்

நட்சத்திர ஹோட்டலில் உட்கார்ந்து ஒரு காகத்துக்காகக் காத்திருந்த அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டா பிள்ளைகளே?

எனக்கு உண்டு. போன சனிக்கிழமை.

நான் சைவம் என்பது இந்தப் பக்கத்தை வாசிக்கும் உங்களுக்குத் தெரியும். கல்யாண வீட்டில் வெறும் சோறும் ஊறுகாயும் சாப்பிட்டுவிட்டு வந்த கதையை எழுதியிருக்கிறேன். நீங்களும் சிரித்திருப்பீர்கள். இந்த வாரம் சிரிப்பதற்கு அதிகம் இல்லை. பரவாயில்லை... எல்லா வாரமும் சிரிக்க முடியுமா?

சனிக்கிழமை என் மனைவியின் திவசம். அவள் போய் இரண்டு வருடம். எங்கள் வீட்டில் திவசம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை — இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைப்போம். முதல் பிடியைக் காகத்துக்கு வைப்போம். காகம் எடுத்த பிறகுதான் நாங்கள் சாப்பிடுவோம். இறந்தவரே காகமாக வந்து சாப்பிடுகிறார் என்பது நம்பிக்கை.

போன வருடம் மஹய்யாவையில், எங்கள் வீட்டுத் தகரக் கூரையில் சோற்றை வைத்ததுதான் தாமதம், ஒரு காகம் வந்துவிட்டது. சின்ன மகள் தர்ஷி கை தட்டினாள். "அம்மா வந்துட்டாங்க!"

அவளுக்கு அது நம்பிக்கை இல்லை பிள்ளைகளே. நிச்சயம்.

இந்த வருடம் மூத்தவள் நிரோஷா ஒரு யோசனை சொன்னாள். டவுனில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறாள். வீட்டில் இப்போது அவள்தான் பாதி அம்மா.

"அப்பா, இந்தத் தடவ நீங்க அடுப்படியில கெடந்து கஷ்டப்பட வேணாம். வாவிக்கு மேல இருக்கே, அந்த ஹோட்டலுக்குப் போவோம். அம்மாவுக்கு ஆசைதானே?"

ஆசைதான். வாவியைச் சுற்றி பஸ் போகும்போதெல்லாம் என் மனைவி ஜன்னல் வழியாக அந்த ஹோட்டல் மாடியை அண்ணாந்து பார்ப்பாள். "ஒரு நாளாவது அங்க ஒக்காந்து, இந்தத் தண்ணியப் பாத்துக்கிட்டே ஒரு டீ குடிக்கணுங்க" என்பாள். "வா, இப்பவே எறங்குவோம்" என்று நான் எழுந்தால் சட்டையைப் பிடித்து உட்கார வைத்துவிடுவாள். "சும்மா இருங்க. நம்மள எல்லாம் உள்ள விடுவாங்களா?"

விட்டார்கள். கதவைக்கூடத் திறந்து பிடித்தார்கள். எங்கள் மூன்று பேருக்கும்தான் உள்ளே காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தரை அவ்வளவு பளபளப்பு!

மாடியில், திறந்த பக்கமாக ஒரு மேசை கிடைத்தது. பரிமாற வந்த தம்பி மடவளைக்காரர். பெயர் ரிஸ்வான். தமிழில் பேசினார் — எனக்கு உயிரே வந்தது.

"வெஜ் ரைஸ் அண்ட் கறி ஈக்கி சேர். எறச்சி, மீன் ஒண்டும் இல்ல."

வந்தது. வண்டிச் சில்லு அளவு பீங்கான் தட்டு. நடுவில் ஒரு பிடி சோறு. சுற்றிவரக் கோலப் புள்ளி மாதிரி கறிகள். தேங்காய்ச் சம்பலை மூக்குக்குக் கிட்டக் கொண்டு போனேன்.

"தம்பி, இதுல மாசி இருக்கா?"

"மாசி மட்டும்தான் சேர். மீன் இல்ல."

மாசி என்ன, மரத்திலா காய்க்கிறது? காயவைத்த மீன்தானே அது!

"பருப்புல?"

"தாளிப்புல கொஞ்சம்."

"கீரைச் சுண்டல்ல?"

"அது இல்லாட்டி கீரைய மாடுதான் சேர் திங்கும்!"

"அப்பா... ஒதுக்கிட்டுச் சாப்பிடுவோமே" என்றாள் நிரோஷா மெதுவாக. பக்கத்து மேசைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

எனக்கு மட்டும் என்றால் ஒதுக்கியிருப்பேன். கல்யாண வீடுகளில் பழகியதுதானே? ஆனால் இது என் சோறு இல்லையே. பக்கத்து வீட்டில் மாசி இடிக்கும் வாசம் வந்தாலே ஓடிப்போய் எங்கள் ஜன்னலைச் சாத்துகிறவளின் சோறு.

ரிஸ்வானிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"முந்தியே செல்லீக்கலாமே சேர்! எங்கட உம்மா மௌத்தான நேரம் கத்தத்துக்கு நாங்களும் அவவுக்குப் புடிச்சதத்தான் ஆக்கிக் குடுத்த." கத்தம் என்றால் அவர்கள் வீட்டுத் திவசம் மாதிரி. பீங்கான்களைத் தூக்கிக்கொண்டு அவரே சமையலறைக்குப் போனார். திரும்பி வந்தபோது வெள்ளைச் சோறு, வெறும் பருப்பு, உருளைக்கிழங்குப் பால்கறி, அப்பளம். "கழுவின சட்டியில, வேறயா ஆக்கின சேர். பயமில்லாமச் சாப்பிடுங்கோ."

இனி காகம்.

வீட்டிலிருந்து கொண்டுபோன வாழையிலைத் துண்டை மாடிச் சுவரில் விரித்து, முதல் பிடியை வைத்தேன். "கா... கா..." என்று கூப்பிட வேண்டும். எனக்கு வெட்கம். தர்ஷிக்கு என்ன வெட்கம்? தொண்டை கிழியக் கூப்பிட்டாள். ஒரு வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டே போனைத் தூக்கிப் படம் பிடித்தார்.

எதிர் மரத்தில் காகங்கள் இருந்தன. எங்களைப் பார்த்தன. சோற்றைப் பார்த்தன. ஒன்றுகூட இறங்கவில்லை.

மூலையில் நின்ற ஒரு ஆள் கிட்ட வந்தார். ஹோட்டல் யூனிபோர்ம். கையில் கல்லெறியும் உண்டிவில். இலையைப் பார்த்ததும் அதைப் பின்பொக்கெட்டில் செருகிக்கொண்டார்.

"தெவசங்களா?"

"ஆமாங்க."

"இங்க எறங்காதுங்களே... மேசைக்குக் காக்கா வந்துறக் கூடாதுன்னுதான் என்னைய வேலைக்கு வச்சிருக்காங்க. வெரட்டி வெரட்டிப் பழக்கிட்டேன்." தர்ஷியைப் பார்த்தார். "நான் உள்ள போயிர்றேன் பாப்பா. நீ கூப்புடு."

போய்விட்டார். தர்ஷி கூப்பிட்டாள். கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இலையில் சோறு காய்ந்தது. மேசையில் கறி ஆறியது. அவள் சத்தம் மெல்லக் கம்மிப் போனது.

"அம்மாவுக்கு நம்ம மேல கோவமாப்பா?"

நிரோஷா தலைகுனிந்துகொண்டாள். யோசனை அவளுடையது அல்லவா?

பெரியவர்களிடம் எல்லாக் கேள்விக்கும் பதில் இருக்கிறது என்று நினைக்காதீர்கள் பிள்ளைகளே. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"கோவமில்ல கண்ணு. அம்மாவுக்கு இங்க வரப் பயம். உசுரோட இருக்கப்பவே, நம்மள உள்ள விடுவாங்களான்னு கேட்டவதானே?"

தர்ஷி கண்ணைத் துடைத்தாள். "அப்ப அம்மா பயப்படாத எடத்துக்குப் போவோம்."

ரிஸ்வான் எல்லாவற்றையும் பெட்டிகளில் கட்டித் தந்தார். சரிவில் நடந்து இறங்கினோம். வாவிக்கரைச் சுவரில் அதே இலையை விரித்து, சோற்றோடு ஒரு அப்பளமும் வைத்தோம். 'கா' என்று சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை. பக்கவாட்டில் தத்தித் தத்தி ஒரு காகம் வந்தது. சோற்றை விட்டுவிட்டு அப்பளத்தைக் கொத்திக்கொண்டு பறந்தது.

"அம்மாவேதான்! அப்பளம்தான் மொதல்ல!" தர்ஷி சிரித்தாள். நிரோஷா அழுதாள். நான் இரண்டுக்கும் நடுவில் இருந்தேன்.

கரையிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்து ஆறிய சோற்றைச் சாப்பிட்டோம். நல்ல சமையல்தான். உப்பு, காரம் எல்லாம் அளவு. ஆனால் இறங்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் தர்ஷிக்கு ஜன்னல் சீட். வாவியைச் சுற்றித் திரும்பும்போது அவளும் அந்த மாடியை அண்ணாந்து பார்த்தாள். அவள் அம்மா பார்க்கிற மாதிரியே.

"அப்பா..."

"என்ன கண்ணு?"

"அம்மா டீதானே கேட்டாங்க?"

நானும் நிரோஷாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மாசி இல்லாத பருப்புக்குப் போராடினோம். வாழையிலையை மறக்காமல் எடுத்துப் போனோம். காகத்தைத் தேடி மலையிறங்கினோம். அந்த மாடியில், அந்த மேசையில், ஒரு டீ மட்டும்... எங்கள் யாருக்கும் கேட்கத் தோன்றவே இல்லை.

நிரோஷா வீடு வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

பிள்ளைகளே, உங்கள் அம்மா ஒரு டீ கேட்டால் டீயையே கொடுங்கள். சூடாக... இன்றைக்கே.