நிற்காத முள்

தராசின் முள் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு ஓர் இடத்தில் நிற்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அழுகிற குழந்தையைத் தொங்கவிட்டால் அது நிற்காது. இதை எழுபதுகளின் தொடக்கத்தில், பென்னாகரத்துக்கு அப்பால் ஒரு புளியமரத்தடியில் தெரிந்துகொண்டேன்.

அப்போது நான் சென்னையில் ஓவியப் படிப்பை முடித்துவிட்டு மொரப்பூர்ப் பக்கம் எங்கள் ஊருக்குத் திரும்பி எட்டு மாதம் ஆகியிருந்தது. வரைய உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் எழுந்துவிடுவேன். மலை, ஏரி, மாட்டு வண்டி எதை வரைந்தாலும் ஏற்கெனவே யாரோ வரைந்ததைப் போலவே இருந்தது. குழந்தைகளின் ஊட்டத்தைப் பற்றிய ஓர் ஆய்வுக்கு அட்டைப் படங்கள் வரைய ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் போய்ச் சேர்ந்துகொண்டேன். வீட்டைவிட்டு வெளியே இருக்க ஒரு காரணம் கிடைத்தது. அது போதுமாக இருந்தது.

எங்கள் குழுவில் நான்கு பேர். ஆய்வை நடத்திய டாக்டரம்மா சென்னைக்காரர், ஐம்பது வயதை நெருங்கியவர். அவருக்கு உதவியாக ஒரு நர்ஸ், ஜீப் ஓட்ட ஒரு டிரைவர், அப்புறம் நான். ஊர் ஊராகப் போய், மரக்கிளையில் வட்ட முகமுள்ள தராசைக் கட்டி, அதன் கொக்கியில் ஒரு துணித் தூளியை மாட்டுவோம். குழந்தையைத் தூளியில் போட்டதும் டாக்டரம்மா முள்ளைப் பார்த்து எடையைச் சொல்வார், நர்ஸ் எழுதிக்கொள்வார். கீரையும் முட்டையும் வரைந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை.

அந்த அட்டையை யாரும் பார்க்கவில்லை, நானே பார்க்கவில்லை. நான் முள்ளைப் பார்த்தேன். குழந்தை வீறிட்டால் அது துள்ளும், விசும்பினால் சின்னதாக உதறும். டாக்டரம்மா அந்தத் துள்ளலுக்கு நடுவில் ஓர் எண்ணைப் பிடித்துச் சொல்வார். மற்றதெல்லாம் எங்கே போகிறது என்ற கேள்வி எனக்குள் ஏறிக்கொண்டது. ராத்திரி சாப்பிடும்போதும் அதே நினைப்பு.

ஓர் ஊரில் வேலை நின்றுபோனது. எடை போட்டால் பிள்ளை இளைத்துப் போகும், கண்பட்டுவிடும் என்று தாய்மார்கள் குழந்தைகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நர்ஸ் வீடு வீடாகப் போய்ப் பேசினார். பாதிப் பேர் வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். டிரைவர் அவர்களிடம் கன்னடத்திலும் சொல்லிப் பார்த்தார். மூன்று நாள் சும்மா திரும்பினோம்.

நான்காம் நாள் தருமபுரியில் ஒரு கடலை மண்டிக்குப் போனேன். மூட்டை நிறுக்கும் பெரிய தராசு அங்கே உத்தரத்தில் தொங்கியது. எங்கள் தராசைப் போலவேதான், உருவம் மட்டும் பெரியது. மண்டிக்காரரிடம் ஒருநாள் இரவல் கேட்டேன். எதற்கு என்றார். நானே அதில் தொங்கப் போகிறேன் என்றேன். சிரித்துவிட்டுக் கொடுத்தார்.

அதன் கண்ணாடியைக் கழற்றி, முள்ளின் நுனியில் ஓர் ஈர்க்குச்சியைக் கட்டி, குச்சியின் முனையில் மை நனைத்த பஞ்சைச் சுற்றினேன். முள் ஆடினால் பஞ்சும் ஆடும். அதன்மேல் படும்படி காகிதச் சுருள் ஒன்றை யாராவது மெல்ல இழுத்துக்கொண்டே போனால் ஆட்டம் கோடாக விழும். வீட்டில் மாட்டுக் கொட்டகையில் கட்டிச் செய்து பார்த்தபோது காகிதம் இரண்டு முறை கிழிந்தது, மூன்றாம் முறை கோடு வந்தது.

டாக்டரம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. படம் போடத்தானேம்மா உன்னை எடுத்தோம் என்றார். வேறு வழியும் இல்லாததால் ஒரே ஒரு நாள் என்று ஒத்துக்கொண்டார்.

அந்த ஊர்ப் புளியமரத்தில் கயிற்றுத் தூளி கட்டி ஏறி உட்கார்ந்தேன். டிரைவர் காகிதத்தை இழுத்தார். முதலில் அசையாமல் இருந்தேன், கோடு லேசாக நெளிந்தது. இருமிக் காட்டினேன். பொய்யாக அழுதேன். நர்ஸ் என் உள்ளங்காலில் கிச்சுக்கிச்சு மூட்டியபோது நிஜமாகவே சிரித்தேன், கோடு காகிதத்தைத் தாண்டி டிரைவரின் சட்டையில் விழுந்தது. கதவுகள் திறந்தன. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சுற்றி நின்றார்கள். ஓர் ஆள் இளைத்துப் போகாமல் இறங்கி வந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

இனி குழந்தைகளைக் கொண்டுவருவார்கள் என்று நாங்கள் காத்திருந்தோம். இடுப்பில் ஒரு பெண்குழந்தையோடு நின்ற இளம்பெண் ஒருத்தி முன்னால் வந்தாள். முதல் மூன்று நாளும் எங்களைப் பார்த்ததும் கதவைச் சாத்தியவள்.

"புள்ள இருக்கட்டுங்க. மொதல்ல என்னைய நிறுத்துப் பாருங்க" என்றாள். "பொறந்ததுல இருந்து என்னைய யாரும் நிறுத்துப் பாத்ததில்லீங்க."

குழந்தையை நர்ஸிடம் கொடுத்துவிட்டு ஏறினாள். கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். கோடு ஏறக்குறைய நேராகவே வந்தது. அவள் மூச்சுவிடவே இல்லையோ என்று பயந்தேன். முப்பத்தாறு கிலோ.

"அது சாஸ்தியாங்க, கம்மியாங்க?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. சொல்லாமல் டாக்டரம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அவளை இறக்கச் சொல்லி, கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். நர்ஸிடம் இரும்புச்சத்து மாத்திரை எடுக்கச் சொன்னார். பிறகுதான் அந்தப் பெண் தன் குழந்தையைத் தூளியில் விட்டாள்.

அன்று வரிசை நின்றது. தாயும் குழந்தையுமாக நிறுத்தோம். படிவத்தில் தாயின் எடைக்கு இடம் இல்லாததால் டாக்டரம்மா ஓரத்தில் பென்சிலால் எழுதச் சொன்னார். ஒரே நாள் என்றவர் அந்தத் தராசை இன்னும் பத்து நாள் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்துப் படிவங்கள் மேலிடத்திலிருந்து திரும்பி வந்தன. ஓரக்குறிப்புகள் இல்லாமல் சுத்தமாக நகல் எடுத்து அனுப்பவும் என்று ஒரு கடிதம் கூடவே வந்தது. குழுவில் என் கையெழுத்துதான் நன்றாக இருக்கும். டாக்டரம்மா படிவக் கட்டை என் மேஜையில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல், "எழுதிடும்மா" என்றார்.

எழுதினேன். நான்கு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு தாயையும் விட்டுவிட்டு எழுதினேன். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம், அப்போது தோன்றவில்லை. முப்பத்தாறு வந்த பக்கத்தில் மட்டும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன், முகம் கழுவினேன், வெளியே நின்றேன், திரும்பி வந்து அதையும் விட்டுவிட்டு எழுதினேன். ஐந்தாம் நாள் வேலையை விட்டேன்.

மைக்கோடு விழுந்த காகிதங்கள் என்னிடம் இருந்தன, யாரும் கேட்கவில்லை. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுபோய்ப் பழைய ஆசிரியர்களிடம் காட்டினேன். ஒருவர் நன்றாக இருக்கிறது, ஆனால் இது ஓவியமா என்றார். இன்னொருவர் ஆராய்ச்சியா என்றார். இரண்டுக்கும் ஆமாம் என்றேன். மாலை ரயிலிலேயே திரும்பிவிட்டேன்.

மறுவாரம் அந்த ஊருக்குப் போனேன். அந்தப் பெண்ணிடம் அவளுடைய கோட்டைக் கொடுக்க வேண்டும், கேட்ட கேள்விக்குப் பதிலும் சொல்ல வேண்டும். அவள் இல்லை. கட்டட வேலைக்குப் புருஷனோடு பெங்களூர் போய்விட்டதாக அவளுடைய நாத்தனார் சொன்னாள். எந்த இடம் என்று தெரியாதாம். காகிதத்தை வாங்கி, வெயிலில் பிடித்து, அந்தக் கடைசியிலிருந்து இந்தக் கடைசிவரை விரலால் தடவிப் பார்த்தாள்.

"தராசு கொண்டாரலீங்களா? அன்னிக்கி நான் காட்டுல களை வெட்டிக்கிட்டு இருந்தேன்."

நான் நேராக மண்டிக்குப் போனேன். கடலை வரத்து அதிகம், வார நாளில் தர முடியாது, ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றார் மண்டிக்காரர். அடுத்த வருஷம் மழை பிடிக்கும்வரை என் ஞாயிறுகள் அப்படித்தான் போயின. சனிக்கிழமை மாலையே வாங்கி வந்த தராசைச் சாக்கில் கட்டி, பஸ் மேலே ஏற்றி, ஊர் ஊராக இறங்கினேன். ஏறியவர்களுக்கு எடையைச் சொல்லி, கோட்டைக் கையில் கொடுத்து, கம்மியானால் கம்மி என்றும் சொன்னேன்.

ஞாயிறு பூசைக்குப் போகாததால் அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். மாதா கோயிலில் சாமியார் விசாரித்தாராம், அவருக்கு அது தலைகுனிவு. பல வாரம் கழித்து, ஒரு காலையில் நான் சாக்கைத் தூக்கும்போது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் திரும்பாமலேயே கேட்டார்.

"அதுல ஆம்பளைங்க ஏறலாமா?"

ஏறலாம் என்றேன். அவர் வாளியை அடுத்த மாட்டின் முன்னால் நகர்த்தினார். பஸ் வரும் சத்தம் கேட்டது, நான் ஓடினேன்.