பேசிக்கொண்டே இருந்த டிரைவர்

1. டேஷ்போர்டு

தனசேகரைக் கூட்டி வந்தபோது அவர் கையில் ஒரு ஸ்குரூ டிரைவர் இருந்தது. அதைக் கொடுக்க மாட்டேன் என்று ஒரே அடம். திருவொற்றியூரில் ஓர் அறக்கட்டளை நடத்திய சின்ன ஆஸ்பத்திரி எங்களுடையது. மனநல வார்டில் நான் சீனியர் நர்ஸ். வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் குடி கேஸ் என்பதால் என் மூக்கு நன்றாகப் பழகியிருந்தது. இந்த ஆளிடம் சாராய வாசனையே இல்லை. கண் அகலத் திறந்திருந்தது, தாடை எதையோ அரைத்துக்கொண்டே இருந்தது, சட்டை வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

கூட்டி வந்தவர்கள் கண்டெய்னர் டிரெய்லர் டிரைவர்கள். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் துறைமுகத்துக்குள் நுழைய எண்ணூர் ரோட்டில் டிரெய்லர்கள் நாள்கணக்கில் வரிசையில் நிற்கும். முன்வண்டி நகரும்போது நீங்கள் தூங்கிவிட்டால் பின்வண்டிக்காரன் ஓரமாக ஏறி முந்திவிடுவான். யாரும் கேட்க முடியாது. அதனால் அங்கே தூக்கம்தான் எல்லோருக்கும் முதல் எதிரி.

"இன்னாப்பா ஆச்சு?" என்றேன்.

"வண்டிய எடுன்னு ஆரன் அடிச்சா எடுக்க மாட்டேன்றாரு சிஸ்டர். டேஷ்போர்ட மொத்தமா கயட்டி சீட்ல பரப்பி வெச்சிகீறாரு. கேட்டா, உள்ள மைக்கு கீதாம். நாங்கல்லாம் அவுரு பேசறத ஒட்டுக் கேக்கறோமாம். பேஜாரா பூடுச்சு."

பாக்கெட்டில் பேப்பரில் மடித்த மாத்திரைகள் இருந்தன. எங்கள் டாக்டர் விசாரித்தார். வெளிமாநில லாரிக்காரர்களிடமிருந்து கைமாறி வருவதாம். "தூக்கம் வராம இருக்க எல்லாரும்தான் சார் போடறோம்" என்று ஒருவர் சொல்லிவிட்டார். மற்றவர்கள் அவரை முறைத்தார்கள்.

"ஆம்ஃபெட்டமின் வகையா இருக்கும். கெமிக்கல் சரக்கு. ரெண்டு டீ சேர்த்துக் குடிக்கிற மாதிரின்னு இவங்க நினைச்சிட்டிருக்காங்க" என்றார் டாக்டர் என்னிடம்.

2. காபி

ஊசி போட்டதும் தனசேகர் தூங்கினார். எழுப்பி ஊட்டினால் நாலு வாய் சாப்பிடுவார், மறுபடி தூங்கிவிடுவார். இந்த மாத்திரையை நிறுத்தினால் அப்படித்தான் இருக்கும், மூளை பழைய கடனையெல்லாம் தூங்கித் தீர்க்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தனசேகரின் மனைவி மஞ்சுளாவுக்கு அது புரியவில்லை. காலடிப்பேட்டையில் வீடு, எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. லீவு போட்டுவிட்டுக் கட்டிலுக்குக் கீழேயே பாய் விரித்துக் கிடந்தாள்.

ஒருநாள் காலை ரவுண்ட்ஸ் போனபோது அவள் டம்ளரில் காபியை ஸ்பூனால் கலக்கிக்கொண்டிருந்தாள். காபிக்கு மேல் வெள்ளையாக ஏதோ மிதந்தது.

"இன்னாம்மா அது?"

"ஒண்ணே ஒண்ணுதான் சிஸ்டர். வூட்ல அரிசி டிரம்முக்குப் பின்னால வெச்சிருந்தாரு. கண்ணே தொறக்க மாட்டேன்றாரே, செத்துடுவாரு போல கீது. இத்தப் போட்டா எயுந்துக்குவாரு."

டம்ளரைப் பிடுங்கி வாஷ்பேசினில் கொட்டினேன். கத்தினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் வாயைப் பற்றி அந்த வார்டில் தெரியாதவர்கள் கிடையாது. அவள் தலையைக் குனிந்துகொண்டு, "எயுந்தா எங்கூட பேசுவாரு சிஸ்டர்" என்றாள்.

அதற்குப் பிறகு நான் கத்தவில்லை. அவளை நர்ஸ் ரூமுக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தேன்.

தனசேகர் இயல்பிலேயே வாய் திறக்காத மனிதர். 'ம்', 'சரி', 'பாக்கலாம்' என்பதற்கு மேல் கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டதில்லை. மாத்திரை தொடங்கிய முதல் மாதங்களில் எல்லாம் மாறியது. லோடு இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தால் பேச்சுதான். முகத்துவாரக்குப்பத்தில் வளர்ந்த கதை, அவருடைய நைனா வலை போட்ட கதை, கப்பலில் கண்டெய்னர் ஏற்றும் வித்தை. இவளையும் கேட்பாராம்: கம்பெனியில் இன்று என்ன நடந்தது, பக்கத்து மெஷினில் யார், சூப்பர்வைசர் என்ன சொன்னான்.

"சோறு ஆறிப் பூடும் சிஸ்டர், நாங்க பேசிகினே இருப்போம். நீ இன்னா நெனைக்கிறன்னு எங்கிட்ட ஒருத்தரு கேட்டதே அப்பதான்."

பிறகு அதே கேள்விகள் திரும்பிக் குத்த ஆரம்பித்தன. பக்கத்து மெஷினில் யார்? ஏன் பெயர் சொல்லத் தயங்குகிறாய்? சூப்பர்வைசர் எதற்குச் சிரித்தான்? கடிகாரத்தைப் பிரித்துப் போட்டார், மாட்டினார், மறுபடி பிரித்தார். மிக்சியும் அதே கதிதான். ஆள் சுறுசுறுப்பாக இருக்கிறார் என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

3. எந்த ஆள்?

தூக்கம் தெளிந்து எழுந்தவரிடம் சந்தேகம் இல்லை. வேறு எதுவும் இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். மஞ்சுளா சங்கரா மீன் வறுத்து எடுத்து வந்தாள். காகிதத்தை மெல்லுவதைப்போல மென்றார்.

"நல்லா கீதா?"

"ம்."

மூளையில் நடப்பதை, டோபமின் என்ற ரசாயனத்தின் வேலை என்று டாக்டர் விளக்கினார். அவள் முழித்தாள். நான் எங்கள் தெரு அடிபம்பைச் சொன்னேன். பசியாறினால், யாராவது சிரித்தால், மூளை கொஞ்சமாகச் சந்தோஷத்தைச் சுரக்கும். இந்த மாத்திரை ராத்திரி பகலாக அடித்து இருப்பதையெல்லாம் இறைத்துவிடுகிறது. இப்போது அடித்தால் காற்றுதான் வரும். ஊறுவதற்கு மாதக்கணக்காகும், வருடம்கூட ஆகலாம். நடுவில் ஒரு மாத்திரை தொட்டாலும் அந்தச் சந்தேகப் பேய் மறுபடி வந்து உட்காரும்.

கடைசியில் எல்லோருக்கும் சொல்வதை அவளுக்கும் சொன்னேன். "கவலப்படாதம்மா, பழைய ஆளா திரும்பிடுவாரு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எந்தப் பழைய ஆளு சிஸ்டர்?"



4. பஸ் ஸ்டாப்

தனசேகர் டிரெய்லர் ஓட்டுவதை விட்டுவிட்டார். விம்கோ நகர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் பகல் ஷிப்டில் வேலை. மாதாமாதம் ஓ.பி.க்கு இருவரும் சேர்ந்து வருவார்கள். பெஞ்சில் அவள் ஏதாவது கேட்டுக்கொண்டிருப்பாள், அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கே பார்க்கப் பொறுக்காது.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து ஒருநாள், நான் கேட்காமலே அவர் சொன்னார்: "சிஸ்டர், நேத்து கொயம்புல புளி ஜாஸ்தி." மஞ்சுளா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். கூடவே அழுதாள். எனக்கும் கண் கலங்கியது.

அவர் மருந்து வாங்கப் போனதும் கேட்டாள். "அந்தப் பேச்சு இனிமே வராது, இல்ல?"

"அவ்ளோ பேச்சு வராதும்மா."

"தெரியும். ஆனா மனசு கேக்க மாட்டேன்து சிஸ்டர். மிசின்ல ஒக்காந்தா அதுவே காதுல கேக்குது. அப்ப எங்கிட்ட பேசுனது அவுருதானா, இல்ல மாத்திரையா?"

"முகத்துவாரக்குப்பம் மாத்திரைக்குத் தெரியுமா? தூண்டிவிட்டது மாத்திரை. கதை அவரோடது."

அன்று எனக்கும் டூட்டி முடிந்திருந்தது. மூவரும் பஸ் ஸ்டாப்பில் நின்றோம். மஞ்சுளா சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்: "சின்னப் புள்ளையில ஒருவாட்டி வல மேலயே தூங்கிட்டியாமே. உங்க நைனா எயுப்பாம தோள்ல போட்டுகினு வூடு வரைக்கும் வந்தாராமே."

தனசேகர் திரும்பிப் பார்த்தார். "உனுக்கு எப்டித் தெரியும்?"

"நீதான்யா சொன்ன."

"நானா? எப்போ?"

"இன்னும் நெறைய சொல்லிகீற. ஒவ்வொண்ணா சொல்றேன், வா."

பஸ் வந்தது. சன்னலோரம் அவர், பக்கத்தில் அவள். அவள்தான் பேசிக்கொண்டிருந்தாள். அவர் வாய் 'ம்' என்பதுபோல அசைந்தது. கண் அவள் முகத்தைவிட்டு நகரவில்லை.

புதிதாக வார்டுக்கு வரும் நர்ஸ்களுக்கு ஒன்று சொல்வேன். டோஸ், ஊசி எல்லாம் டாக்டர் எழுதித் தருவார். பழைய ஆளாகத் திரும்பிவிடுவார் என்று மட்டும் எடுத்த எடுப்பில் சொல்லிவிடாதீர்கள். வீட்டுக்காரர்களை உட்காரவைத்து, எந்த ஆளுக்காக ஏங்குகிறார்கள் என்று கேளுங்கள். சிலர் அழுவார்கள். அழட்டும். நாற்காலியை இழுத்துப் போட்டுக் கூடவே உட்காருங்கள்.